அக்கா பெயரில் ஒரு சீட்டு

குளத்தூர்
16.6.2024

அன்புள்ள சித்திக்கு,

ஜாஸ்பின் எழுதுகிறேன். நான், அப்பா, அம்மா மூவரும் நன்றாக இருக்கிறோம். ஏற்காட்டில் மழை தொடங்கிவிட்டதா? பெரிய சட்டி தூக்கித் தூக்கி வந்த உங்கள் தோள்வலி இப்போது எப்படி இருக்கிறது?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, சித்தி. அரசு ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவில், கம்ப்யூட்டரில் பதியும் வேலை. இதுவரை அங்கே எல்லாம் நீள நோட்டில்தான். மொத்தம் இருபத்திரண்டு நோட்டு. சீட்டைத் தொலைத்தவர் வந்தால், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று நோட்டு நோட்டாகப் புரட்ட வேண்டும். டாக்டர் மாறினால் நோயாளி முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வராமல் நின்றவர்களும் உண்டாம். இனி எல்லாம் ஓர் எண்ணுக்குள் இருக்கும். எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் திறந்து பார்க்கலாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் சமைக்கும் ஹாஸ்டலின் போன் தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. அவர் எடுத்தால் எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். எழுதினால்தான் எனக்கு வருகிறது. அம்மாவுக்கு மாதம் தவறாமல் எழுதுகிறீர்களே, எனக்கும் எழுதுங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் என்னைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மூன்று நாள் சண்டை போட்டது நீங்கள்தான். வேலைக்கான உத்தரவைக் கையில் வாங்கியபோது அந்த மூன்று நாளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாதான் சரியாகச் சந்தோஷப்படவில்லை. "அந்த ஆஸ்பத்திரியா? அந்தப் பிரிவா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஊரில் ஏதாவது பேசுவார்கள் என்று பயம் போல.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ஜாஸ்பின்


ஏற்காடு
7.7.2024

மாதா துணை

என் தங்கம் ஜாஸ்பினுக்கு,

ஒன் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். நம் வீட்டில் முதல் டிகிரி, இப்போது கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நாற்காலி. விடுதிப் பிள்ளைகள் நூற்றிருபது பேருக்கும் அன்றைக்கு ஒன் பேரைச் சொல்லிக் கேசரி கிண்டினேன். யாருக்கு வேலை என்று கேட்டார்கள். என் மகளுக்கு என்றேன். மாதா எனக்குத் தராததையெல்லாம் அக்கா வயிற்றில் தந்துவிட்டாள்.

நான் சுகம். தோள்வலி தேவலாம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. தினமும் நீதான் அங்கே உட்காருவாயா? செவ்வாய்க்கிழமையும்தானா? சீட்டு போடுவது மட்டுமா, மாத்திரை கொடுக்கும் ஜன்னலும் ஒன் பக்கம்தானா? வருகிறவர்கள் எல்லோரையும் நீ பார்க்க வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். முழங்கால் வலியோடு ரொம்ப அலைய வேண்டாம் என்று சொல்.

பிரியமுள்ள
சித்தி


குளத்தூர்
28.7.2024

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், தினமும் நான்தான். செவ்வாய்க்கிழமைதான் பெரிய கூட்டம். மாத்திரை ஜன்னல் என் நாற்காலிக்கு இடது கைப்பக்கம். என்னைத் தாண்டாமல் யாரும் போக முடியாது.

அமிர்தவல்லி சிஸ்டர் என்ற நர்ஸ்தான் எனக்கு எல்லாம். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் நாள் நான் பெயர் கூப்பிட்டது வரிசைக்குக் கேட்கவே இல்லை. "என்னம்மா, கொசுகிட்டப் பேசுற மாதிரி பேசுற?" என்றார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் இரண்டு வாரத்தில் அவரே, "நீ இப்படியே பேசு. இங்க வர்றவுகளுக்குத் தன் பேரு சத்தமாக் கேட்டாலே ஒடம்பு நடுங்கும்" என்று சொல்லிவிட்டார். என் சின்னக் குரல் ஒரு வேலைக்கு ஆகும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்று மாதம் வராதவர்கள் பெயர் திரையில் சிவப்பாக வரும். அவர்களுக்குப் போன் செய்வதும் என் வேலை. ஒருவர் நான்கு மாதம் வராமல் இருந்தவர், பெயர் சொல்லக்கூடாது, போன் செய்த மறு செவ்வாய் அவருடைய மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "எங்களை யாரு தேடப்போறாங்கன்னு நெனச்சோம் தாயி" என்றார் அந்த அம்மா. நான் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா மாதம் ஒரு செவ்வாய் ஆவூர்ப் பக்கம் அந்தோணியார் கோவிலுக்குப் போவாளே, இப்போது இரண்டு மாதமாகப் போகவில்லை. முழங்கால் வலி என்கிறாள். வயலில் மட்டும் நன்றாக நடக்கிறாள்.

அன்புடன்,
ஜாஸ்பின்


ஏற்காடு
15.9.2024

ஜாஸ்பினுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே பரீட்சை, வேலை அதிகம். தூக்கம் கொஞ்சம் குறைவு, வேறொன்றும் இல்லை. போன வாரம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நூற்றிருபது பிள்ளைகளும் தயிரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். வார்டன் பொற்கொடி மேடம் என்னை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

அக்காவை மனசு தேடுகிறது என்று சொல். அந்தோணியாரைக் கும்பிடப் போகச் சொல். முடியாவிட்டால் வேண்டாம் என்றும் சொல்.

சித்தி


குளத்தூர்
6.10.2024

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வழக்கம்போல இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுதுங்கள். இங்கே அப்பா சுகம். அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன வாரம் 2013-ஆம் வருட நோட்டைப் பதிந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் இன்னாசியம்மாள், கணவர் பெயர் சந்தனசாமி, நம் ஊர். யாரோ வேறு இன்னாசியம்மாள் என்றுதான் முதலில் நினைத்தேன். விலாசமும் நம் வீடுதான். அன்றிலிருந்து இந்த மே மாதம் வரை எல்லா நோட்டிலும் இருக்கிறது, ஒரு மாதம் விடாமல். காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு. முதல் பக்கத்தில், 'குரல்கள் கேட்கின்றன, குழந்தை இறந்தபின்' என்று எழுதியிருந்தது. எனக்கு விவரம் தெரியாத வயதில் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்ததா? என்னிடம் யாரும் சொன்னதில்லையே.

அந்தப் பக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. யாரையும் விடக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதனால் அம்மாவின் எண்ணைத் தேடி எடுத்து, பதினோரு வருடத்தையும் நானே அதில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் பெயர் சிவப்பாக மாறியது. மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை.

அமிர்தவல்லி சிஸ்டரிடம் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல விசாரித்தேன். "அந்தம்மாவா? மணி அடிச்ச மாதிரி வருவாக. ஒங்க ஊருதான்ல, எங்க ஆளக் காணோம்?" என்றார். எங்கள் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் வேலைக்கு வந்தது ஜூனில். என் கண்ணில் படக்கூடாது என்றுதான் அம்மா மாத்திரையையே நிறுத்திவிட்டாள், சித்தி. திடீரென்று நிறுத்தினால் நோய் முழுதாகத் திரும்பும் என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்வதைத் தினமும் கேட்கிறேன். அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. உங்களுக்கு இது தெரியுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

சீக்கிரம் எழுதுங்கள்.

ஜாஸ்பின்


குளத்தூர்
30.10.2024

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. துணிந்து உங்கள் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். "ஆயா படுத்திருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க என்னால் முடியவில்லை. அதனால் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தேன். சிவப்புப் பெயர் எல்லோருக்கும் செய்வது போல.

"வணக்கம். மனநலப் பிரிவிலேருந்து பேசுறோம். இன்னாசியம்மாளுங்களா?"

"ஆமாங்க. மாத்திரை இருக்குங்க, தீர்ந்ததும் வாரேன்."

"ஒடம்பு எப்படி இருக்குங்க?"

அம்மா பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "நல்லா இருக்குங்க. பசிக்குது. கை நடுக்கம் இல்ல. தோள்தான் கொஞ்சம் வலிக்குது. நூத்தி இருவது பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன், அலுப்புத் தெரியல."

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள்.

"எந்தப் பிள்ளைகளுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அம்மாவுக்கு என் குரல் பிடிபட்டது. "ஜாஸ்பினா?" என்றாள்.

"ம்."

"ஆமா, எனக்குத்தான் சீக்கு. நான்தான் சாப்புட்டேன். இப்பச் சரியாப் போச்சு. போன வை."

"ராத்திரி மாத்திரை போட்டா எப்படி இருக்கும்? தூக்கம் வருமா?"

"எனக்கு எதுக்குடி அது? தலையச் சாய்ச்சாத் தூங்குறவ நான்."

வைத்துவிட்டாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்தி, மாதாமாதம் அம்மா உங்களுக்கு இட்லிப் பொடி பார்சல் அனுப்புவாளே. அதில் பொடி மட்டும்தான் இருந்ததா?

உங்களுக்குக் கடைசிப் பார்சல் எப்போது வந்தது என்று எழுதுங்கள். அது மட்டும் எழுதினால் போதும்.

ஜாஸ்பின்


ஏற்காடு
14.11.2024

மாதா துணை

என் தங்கமே,

கடைசிப் பார்சல் ஜூன் முதல் வாரம் வந்தது.

நான் சுகமில்லை. இத்தனை வருசத்தில் ஒரு கடிதத்தில் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை இறந்தது அக்காவுக்கு இல்லை, எனக்கு. பிறந்த மூன்றாம் நாள். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, ஒன்னிடம் யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு அது அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன் சித்தப்பா வீட்டில் என்னை ஒரு அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒங்கம்மாதான் வந்து கதவைத் திறக்கச் சொல்லி, என்னை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சீட்டு எழுதுகிற ஆள் ஒன் சித்தப்பாவுக்குச் சொந்தக்காரர், என் பேரில் சீட்டு போட்டால் எனக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார். பேரு என்ன என்று கேட்டார். நான் முக்காட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "என் பேரத்தான் போடுங்க, எனக்குத்தான் பாக்கணும். இது தொணைக்கு வந்த பிள்ளை" என்றாள். அன்றிலிருந்து டாக்டர் முன்னால் நான் இன்னாசியம்மாள்.

இந்த வேலை கிடைத்து ஏழு வருசம் ஆகிறது. இங்கே வேறு ஆஸ்பத்திரியில் என் பேரைக் கொடுத்தால் ஹாஸ்டலுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அக்காதான், "நான் போய் வாங்கியாரேன்" என்றாள். டாக்டர் மாறிவிட்டார், நர்ஸும் மாறிவிட்டார், எங்கள் இரண்டு பேருக்கும் ஜாடை ஒன்று. டாக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் வேண்டுமே. அதற்காகத்தான் மாதம் தவறாமல் நான் எழுதுவேன், பசி எப்படி, தூக்கம் எப்படி, கை நடுங்குகிறதா என்று. அதைப் பஸ்ஸில் படித்துக்கொண்டே போவாளாம். அஞ்சாவது படித்தவள் எனக்காக மாதம் ஒரு பரீட்சை எழுதினாள்.

ஒனக்கு வேலை கிடைத்ததும் எப்படிப் போவாள்? இருந்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டினேன். இப்போது அந்தச் சத்தம் திரும்பக் கேட்கிறது, சமையல் புகையோடு சேர்ந்து வருகிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதைத் தேடிப் போய்விடுகிறேன். வார்டன் மேடம் இரண்டு வாரம் லீவு போட்டுப் படு என்றார்கள். அப்புறம் என்ன செய்வார்களோ. அடுப்பும் அந்தப் பிள்ளைகளும் போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஒன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் இரண்டு பேரைப் பற்றி என்ன எழுதப்போகிறாய் என்று மட்டும் சொல்.

சித்தி


குளத்தூர்
18.11.2024

என் சித்திக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இந்தப் பதில் இன்றே ஸ்பீடு போஸ்டில் வருகிறது. உங்களுக்கு மீண்டும் நல்ல சுகம் வரும். தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன், வரும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அமிர்தவல்லி சிஸ்டரிடம் போனேன். கடிதத்தையே கையில் கொடுத்தேன். முழுவதையும் நின்றபடியே படித்தார். பிறகு, "ஆறு வருசமா என்ன நல்லா ஏமாத்தியிருக்கா ஒங்கம்மா. நூத்தி இருவது பிள்ளைகளுக்குன்னதும் சத்துணவுல சமைக்கிறாகன்னு நெனச்சு, எங்க ஊரு ஸ்கூலுக்கு மாத்திக்கிட்டு வாங்கன்னுகூடச் சொல்லியிருக்கேனே" என்றார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார்.

டாக்டரிடமும் அவரே பேசினார். டாக்டர் திட்டினார், இல்லை என்று சொல்லமாட்டேன். நோயாளியைப் பார்க்காமலே ஏழு வருடம் மாத்திரை எழுதியிருக்கிறோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கடைசியில் சொன்னது இதுதான்: "அவங்களை நேர்ல பாக்கணும், சீக்கிரம். பார்த்தா எல்லாத்தையும் அவங்க பேருக்கு மாத்திடலாம். அப்புறம் அவங்க ஏற்காட்டுலேருந்து இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்."

நீங்கள் கேட்டதற்குப் பதில். இன்னும் நான் எதையும் மாற்றவில்லை. நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்லாமல் மாற்றமாட்டேன். பதிந்ததை டாக்டரும் நர்ஸும் தவிர ஹாஸ்டலோ சித்தப்பா வீடோ திறக்க முடியாது. யார் உங்கள் பக்கத்தைத் திறந்தாலும் திறந்தவர் பெயர் அதிலேயே விழும். நான் திறந்தாலும் விழும்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் அடுத்த வாரச் செவ்வாய், 26-ஆம் தேதி. அப்பாவிடம் நானும் அம்மாவும் இன்று மதியம் சொல்லிவிட்டோம். அவரே ஏற்காட்டுக்கு வந்து கூட்டிவருவதாகச் சொல்கிறார். முடிவு உங்களுடையது.

உங்கள் மகள்,
ஜாஸ்பின்

அம்மா கீழே எழுதுகிறாள்.

மேரிக்கு அக்கா எழுதுவது. நான் சவுக்கியம். நீ நல்லா இல்லன்னு எனக்குத் தெரியும், ரெண்டு மாசமா ஒன் காயிதம் வரலையே. புள்ள கண்டுபுடிச்சிட்டா. படிக்க வச்சா இப்புடித்தான். நீதான படிக்க வைக்கச் சொன்ன, அனுபவி. மச்சான் ஒண்ணும் சொல்லல, இத்தன நாளு ஏன் என்கிட்டச் சொல்லலன்னு மட்டும் கேட்டாக. மச்சான் வந்தா மறுபேச்சுப் பேசாமக் கெளம்பி வா. என் பேர நீ வாங்கிட்டுப் போயி பதினோரு வருசம் ஆச்சு. நல்லபடியாத் திருப்பிக் குடு. கோழி அடிச்சு வைக்கிறேன்.


குளத்தூர்
1.12.2024

அன்புள்ள சித்திக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் மாத்திரை போட்டீர்களா? இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து அம்மா இரண்டு பேர் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நேரில் சொல்லாததை எழுதுகிறேன். வரிசையில் அம்மாவோடு என் முன்னால் வந்து நின்றீர்கள். "பேரு சொல்லுங்க" என்றபோது, "ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் அதை உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அமிர்தவல்லி சிஸ்டர், "ரெண்டும் ஒரே வீட்டுக் கொசு" என்றார்.

டாக்டர் ஒப்புதல் கொடுத்தபின், அம்மாவின் எண்ணிலிருந்து பதினோரு வருடத்தையும் எடுத்து உங்கள் எண்ணில் வைத்தேன். முழுதாக ஒரு பகல் ஆனது. அந்த ஏழு வருடத்துக்கும் எதிரே, 'நோயாளி நேரில் வரவில்லை, தகவல் அக்கா மூலம்' என்று டாக்டர் குறிக்கச் சொன்னார். அம்மாவின் பக்கத்தில் இப்போது முழங்கால் வலி மட்டும்தான் இருக்கிறது. அது நிஜமாகவே இருக்கிறதாம்.

உங்கள் பக்கத்தில் 'உடன் இருப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இன்னாசியம்மாள் என்று அடித்தேன். எத்தனையோ பெயர் அடித்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

வார்டன் மேடத்திடம் பேசிவிட்டீர்களா?

அன்புடன்,
ஜாஸ்பின்


ஏற்காடு
12.1.2025

மாதா துணை

என் தங்கம் ஜாஸ்பினுக்கு,

நான் சுகம். இதை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனாலும் பழக்கத்தில் எழுதுகிறேன்: பசி உண்டு, தூக்கம் வருகிறது, கை லேசாக நடுங்குகிறது, போய்விடும் என்கிறார்கள். அந்தச் சத்தம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே குறைந்து, இப்போது இல்லை. நீயும் அக்காவும் மச்சானும் நல்லா இருக்க வேண்டும்.

பொற்கொடி மேடத்திடம் நானே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பவே சந்தேகம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போலாம்னு இருந்தேன்" என்றார்கள். ஒரு மாசம் அடுப்பில் தனியாக நிற்க வேண்டாம் என்று சொல்லி, கூடமாட ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். வேலை இருக்கிறது. பிள்ளைகள், "ஆயா, உப்பு ஒரு தடவைதான போட்டீங்க?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். கேட்கட்டும்.

நேற்று முன்தினம் மலையிறங்கி, நீ எழுதிக்கொடுத்த எண்ணோடு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை. பாவம், எங்கே போனாளோ என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "அற்புதமேரி யாருங்க, இருந்தாப் போங்களேன், எங்களுக்கும் நேரமாகுது" என்றார். அதற்கப்புறம்தான் எழுந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை ஒன்றும் கேட்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி முதலிலிருந்து அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ என்று பயந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அங்கே இருந்தது. அவள் மேலிருந்து கீழே வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினோரு வருசத்துல, போன வருசம் அந்த அஞ்சு மாசத்தத் தவிர ஒரு மாசம்கூட விடலயேம்மா. ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

"நான் இல்ல டாக்டர், எங்க அக்கா" என்றேன்.

இப்படிக்கு,
அற்புதமேரி